‘அவரிடம் கொடுத்துவிட்டோம்’ என்றால் போதுமா?

சனிக்கிழமை மாலை வழக்கமாக வரும் பிரதிநிதி வருகிறார். மூன்று ஆண்டுகளாக அவர்தான் ஆர்டர் எடுக்கிறார். அவர்தான் வசூலும் செய்கிறார். நிலுவையில் இருந்த பில்லுக்குப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ‘பணம் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அடுத்த வாரம் வேறொருவர் வந்து நிற்கிறார். “பழைய ஆள் போன மாதமே நின்றுவிட்டார். உங்கள் பில் இன்னும் நிலுவையில்தான் காட்டுகிறது. அதைக் கட்டினால்தான் புதுச் சரக்கு” என்கிறார்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பகுதியில் கடை வைத்திருப்பவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் அபூர்வம். கேட்டதும் என்ன செய்கிறோம்? கொஞ்ச நேரம் சத்தம் போடுகிறோம். பிறகு, பொங்கல் நேரத்தில் சரக்கு நின்றுபோனால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரே என்று பயந்து, பாதியையாவது கட்டிச் சமாதானமாகிவிடுகிறோம். ஒரே சரக்குக்கு இரண்டு முறை பணம்! சட்டம் நமக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று தெரியாததால் வருகிற நஷ்டம் இது என்பது நமது கருத்து. நிற்க. இதே விவகாரத்தில் நம்மவர்கள் பக்கம் நியாயம் இல்லாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அதையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் இதற்கு ஆதாரம். அதில் 182ஆம் பிரிவிலிருந்து ஏஜெண்டுகள் பற்றிய பகுதி தொடங்குகிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வெறும் விதியை மட்டும் எழுதாமல், வியாபாரிகளுக்குப் புரியும்படி உதாரணங்களையும் சேர்த்தார்கள். 208ஆம் பிரிவில் வரும் ஓர் உதாரணத்தில் நம் சென்னையே வருகிறது.

சென்னையில் ஒரு வியாபாரி. பம்பாய்க் கிடங்கில் அவருடைய பருத்தி இருக்கிறது. அதை விற்றுத் தரும்படி பம்பாயில் உள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, ‘விற்க வேண்டாம், பருத்தியைச் சென்னைக்கு அனுப்பிவிடு’ என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் அந்த ஏஜெண்டு பருத்தியை ஒருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும். இரண்டாவது கடிதம் தெரியாது. இப்போது நஷ்டம் யாருக்கு? சென்னை முதலாளிக்குத்தான் என்கிறது சட்டம். வாங்கியவர் கொடுத்த பணம் முதலாளிக்கே கொடுத்ததாகச் செல்லும்.

விதி இதுதான்: ஏஜெண்டின் அதிகாரத்தை ரத்து செய்தால், ஏஜெண்டைப் பொறுத்தவரை அது அவருக்குத் தெரிந்தபோதுதான் அமலுக்கு வரும், வெளியாட்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்தபோதுதான் அமலுக்கு வரும். ‘போன மாதமே நின்றுவிட்டார்’ என்று புதிய ஆள் சொல்வது கம்பெனிக்கும் பழைய ஆளுக்கும் இடையிலான கணக்கு. நமக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி. ஒரு கடிதம் வந்ததா? பில்லோடு துண்டுச் சீட்டாவது இணைத்தார்களா? இல்லையென்றால், அவர் நின்ற பிறகு நாம் நல்லெண்ணத்தோடு கொடுத்த பணமும் பம்பாய்ப் பருத்திக்குக் கொடுத்த பணம் மாதிரிதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உதாரணத்தில் முதல் கடிதம் ஒன்று இருந்தது. அதாவது விற்கும் அதிகாரத்தை முதலாளியே கொடுத்திருந்தார், வாங்கியவருக்கும் அது தெரிந்திருந்தது. நம் கடைக்கு வருபவர் விஷயத்தில் அந்த ‘முதல் கடிதம்’ எது? பெரும்பாலும் காகிதத்தில் எதுவும் இருக்காது. பல மாதங்களாக அவர் வாங்கிப்போன பணத்தைக் கம்பெனி மறுபேச்சில்லாமல் வரவு வைத்ததே முதல் கடிதம். மாதக் கணக்கு அறிக்கையில் அந்தத் தொகைகள் வரவாகக் காட்டப்பட்டிருந்தால், ‘வசூலிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது’ என்று கம்பெனி இன்று சொல்வது எடுபடுவது கடினம். அதிகாரத்தைச் சூழ்நிலையிலிருந்தும், வழக்கமான கொடுக்கல் வாங்கலிலிருந்தும் அறியலாம் என்று 187ஆம் பிரிவு சொல்கிறது. எனவே பழைய கணக்கு அறிக்கைகளைப் பொட்டலம் மடிக்கக் கிழிக்காதீர்கள். ஒரு வருஷத்து அறிக்கை பத்துச் சாட்சிக்குச் சமம்.

இதற்குத் துணையாக நிற்பது 237ஆம் பிரிவு. அதிகாரம் இல்லாமலே ஏஜெண்டு ஒரு காரியம் செய்தாலும், அதிகாரம் இருக்கிறது என்று வெளியாள் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால் முதலாளி கட்டுப்பட்டவர். இங்கேயும் உதாரணம் நம் கடைத்தெருவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. சரக்கை ஒருவரிடம் ஒப்படைத்து, ‘இந்த விலைக்குக் கீழே விற்காதே’ என்று முதலாளி ரகசியமாகச் சொல்கிறார். அது தெரியாத ஒருவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார். அந்த வியாபாரம் செல்லும். முதலாளி தன் ஆளிடம் காதோடு சொன்னது நம்மைக் கட்டுப்படுத்தாது.

இதைத்தான் வக்கீல்கள் தோற்ற அதிகாரம் என்கிறார்கள். தோற்றம் என்றதும் நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கம்பெனிச் சட்டை போட்டிருந்தார், கம்பெனிப் பை வைத்திருந்தார், விசிட்டிங் கார்டு கொடுத்தார், பேச்சும் கம்பீரமாக இருந்தது, ஆகவே நம்பினேன் என்கிறார்கள். 1964இல் இங்கிலாந்து அப்பீல் நீதிமன்றத்தில் ஃப்ரீமன் அண்ட் லாக்யர் என்ற வழக்கு வந்தது. ஒரு கம்பெனியில் முறைப்படி நிர்வாக இயக்குநராக நியமிக்கப்படாத ஒரு டைரக்டர், நிர்வாக இயக்குநர் மாதிரியே எல்லாக் காரியங்களையும் செய்துவந்தார். மற்ற டைரக்டர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவர் அமர்த்திய கட்டடக் கலைஞர்கள் கூலி கேட்டபோது கம்பெனி கைவிரித்தது. நீதிமன்றம் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி டிப்ளாக் விளக்கிய விஷயம் இன்று நம் நாட்டு நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுகிறது. தோற்றத்தை உண்டாக்கியது கம்பெனியாக, அதாவது கம்பெனியில் அதற்கு உரிமை உள்ளவர்களாக இருக்க வேண்டும். வந்து நிற்கும் ஆள் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது கணக்கில் வராது. விசிட்டிங் கார்டை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். மண்ணடியில் ரப்பர் ஸ்டாம்பு அரை மணியில் கிடைக்கும்.

இனி, நம்மவர்கள் தோற்ற கதைகளுக்கு வருவோம். தோற்றவர்கள் கடைக்காரர்கள் அல்ல, சாதாரணக் குடும்பத்துக்காரர்கள். என்றாலும் அவர்கள் செய்ததை நாம் தினமும் செய்கிறோம்.

ஒருவர் எல்.ஐ.சி.யில் தலா 25,000 ரூபாய்க்கு நான்கு பாலிசிகள் எடுத்திருந்தார். 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய அரையாண்டுப் பிரீமியம் நின்றுபோயிருந்தது. ஜூன் மாதம் எல்.ஐ.சி. ஏஜெண்டு வீட்டுக்கு வந்து பிரீமியத்துக்காக ஒரு பேரர் செக் வாங்கிப்போனார். மறுநாளே அதை மாற்றிக்கொண்டார். எல்.ஐ.சி.யில் கட்டவில்லை. ஆகஸ்டு 9ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். ஆகஸ்டு 10ஆம் தேதி ஏஜெண்டு போய்ப் பிரீமியத்தைக் கட்டினார்! குடும்பம் கோரிய தொகையை எல்.ஐ.சி. மறுத்தது. ஹர்ஷத் ஷா வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1997இல் குடும்பம் தோற்றது. பிரீமியம் வசூலிக்க ஏஜெண்டுகளுக்கு அதிகாரம் இல்லை என்று எல்.ஐ.சி.யின் ஒழுங்குமுறைகளிலேயே எழுதி அரசிதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அதிகாரம் உண்டு என்று நம்பும்படி எல்.ஐ.சி. எதையும் செய்யவும் இல்லை. ஆகவே ஏஜெண்டிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய பிரீமியத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆறுதல்.

அந்தச் செக் எல்.ஐ.சி. பெயருக்குக் கிராஸ் செய்யப்பட்டிருந்தால் ஏஜெண்டால் அதை மாற்றியிருக்க முடியுமா? ஒரு பேனாவால் இரண்டு கோடு போடும் வேலை அது.

1978இல் தீர்ப்பான ஸ்டேட் வங்கி வழக்கு இன்னும் கசப்பானது. ஷியாமா தேவி என்ற வாடிக்கையாளர், தன் சேமிப்புக் கணக்கில் கட்டச் சொல்லி வங்கி ஊழியர் ஒருவரிடம் பணமும் செக்கும் கொடுத்தார். அந்த ஊழியர் அவர் கணவருக்கு நண்பர், பக்கத்து வீட்டுக்காரர். ரசீது கேட்கவில்லை. ஊழியர் பாஸ் புத்தகத்தில் பொய்யாக எழுதிக் கொடுத்துப் பணத்தை விழுங்கிவிட்டார். வங்கி பொறுப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். அவர் வங்கி ஊழியர்தான். ஆனால் அந்தப் பணத்தை வங்கி ஊழியராக வாங்கவில்லை, நண்பராக வாங்கினார் என்பது காரணம்.

இங்கே நம் கடைக்காரர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். “அண்ணாச்சி, பில் போடாமல் ரொக்கமாகக் கொடுங்க, ரெண்டு பர்சென்ட் நான் தள்ளிக்கொடுக்கிறேன்” என்று ரெப் சொல்லும்போதும், “என் சொந்த நம்பருக்கு அனுப்பிடுங்க, நான் ஆபீஸில் கட்டிடறேன்” என்று சேல்ஸ்மேன் யு.பி.ஐ. நம்பரைக் காட்டும்போதும், நாம் கம்பெனியோடு வியாபாரம் செய்வதை நிறுத்திவிட்டு அந்த ஆளோடு தனி வியாபாரம் தொடங்குகிறோம். அவர் நாளை காணாமல் போனால் கம்பெனியை எந்த முகத்தோடு கேட்பது? கம்பெனி பெயருக்கே போகும் வழி கையில் இருக்கும்போது ஆளின் சொந்தக் கணக்குக்கு அனுப்பியது ஏன் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. இந்த இடத்தில் நம் சங்கம் யாருக்காகவும் பரிந்து பேசக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். தவிர, பில் இல்லாத ரொக்கத்தால் ஜி.எஸ்.டி.யில் வரும் தொல்லையை நம் ஆடிட்டர்களே போதுமான அளவு சொல்லிவருகிறார்கள்.

ஹர்ஷத் ஷா வழக்கு முடிந்து இரண்டே ஆண்டுகளில் அதே எல்.ஐ.சி. அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். டெல்லி மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், சம்பளத்தில் பிடித்துக் கட்டும் திட்டத்தில் பாலிசி எடுத்திருந்தார். பிரீமியத்தை நிறுவனம் சரியாகக் கட்டவில்லை. அவர் இறந்தார். பாலிசி காலாவதி என்றது எல்.ஐ.சி. இந்த முறை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ‘உங்கள் நிறுவனமே பிடித்துக் கட்டும், நீங்கள் எங்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டாம்’ என்று தொழிலாளியை நம்பவைத்தது எல்.ஐ.சி.தானே? அப்படியானால் வசூல் விஷயத்தில் அந்த நிறுவனம் எல்.ஐ.சி.யின் ஏஜெண்டு மாதிரிதான் என்று 1999இல் தீர்ப்பாயிற்று. முதல் வழக்கில் ஆளை நம்பியது பாலிசிதாரர். இரண்டாவது வழக்கில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது எல்.ஐ.சி. நம் கடைத்தெருவுத் தகராறுகளில் பத்துக்கு ஒன்பது இந்த வித்தியாசத்தை வைத்தே தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் நம் லைனில் நிறைய உண்டு. சட்டையில் இருப்பது ஒரு பெரிய கம்பெனி பெயர். பில்லில் இருப்பது ஏஜென்ஸி பெயர். சோப்பு, டீத்தூள், பிஸ்கெட் எதுவானாலும் நமக்குச் சரக்கு தருபவர் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர்தான். அவர் கம்பெனியிடம் தன் பணத்தில் வாங்கி நமக்கு விற்கிறார். வரும் பையன் அவருடைய ஆள். ஏரியா மேனேஜர் காரில் வந்து, “ஷெல்பில் எங்கள் சரக்கை முன்னால் வையுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம், ஓடாத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், ‘எனக்குத் தெரியாது, கம்பெனியைக் கேளுங்கள்’ என்பார் டிஸ்ட்ரிபியூட்டர். கம்பெனியோ, ‘உங்களுக்கும் எங்களுக்கும் நேரடிக் கணக்கே இல்லையே’ என்கும். ஏரியா மேனேஜர் சொன்னதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் கட்டுப்பட வேண்டுமானால் டிஸ்ட்ரிபியூட்டரே அதை ஏற்றிருக்க வேண்டும். முந்தைய மாதம் அதே ஸ்கீம் பணத்தை அவர் பில்லில் கழித்திருந்தால் கேட்க இடமுண்டு. இல்லாவிட்டால் ஏரியா மேனேஜரிடம் ஒரு வரி கம்பெனி மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகச் சொன்னவர் அனுப்புவார். பத்து முறை கேட்டும் அனுப்பாதவரின் ஸ்கீமை நம்பிப் பத்துப் பெட்டி கூடுதலாக இறக்குவது கடைக்காரரின் சொந்த ரிஸ்க்.

பில்லின் அடியில் ‘கிராஸ் செக் மூலம் மட்டுமே பணம் செலுத்தவும், பிரதிநிதியிடம் ரொக்கம் கொடுத்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பில்லை நாமே வாங்கிக் கம்பியில் குத்தி வைத்திருக்கும்போது ‘பார்க்கவில்லை’ என்பது எடுபடாது. ஆனால் அப்படி அச்சிட்டவர்களே தம் ஆளை ரொக்கம் வாங்க அனுப்பி, வாங்கிய ரொக்கத்தை மாதாமாதம் வரவு வைத்திருந்தால், அச்சிட்டதைத் தாங்களே மதிக்கவில்லை என்று வாதாட நமக்கு வழி இருக்கிறது. பலமான வழி என்று சொல்ல மாட்டோம். செக்கே கொடுத்திருந்தால் வாதமே வேண்டியதில்லை.

நம் பகுதிக்கென்று தனியாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. துறைமுகம் ஒன்று; தொழிற்சாலைக் கேன்டீன் மற்றொன்று.

கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, எண்ணெய் சப்ளை செய்பவர்கள் நம்மிடையே உண்டு. கேப்டன் கேட்ட அவசியப் பொருளுக்குக் கப்பல் சொந்தக்காரர் பணம் கொடுக்க வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். நடுவழியில் முதலாளியைக் கேட்க முடியாத காலத்தில் கேப்டனின் பதவியே அவருடைய அதிகாரப் பத்திரமாக இருந்தது. அதற்கும் எல்லை உண்டு. 1851இல் தீர்ப்பான கிராண்ட் எதிர் நார்வே வழக்கில், கல்கத்தாவில் ஒரு கப்பலின் கேப்டன், ஏற்றாத பன்னிரண்டு பட்டுப் பொதிகளை ஏற்றியதாகச் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்குக் கப்பல் சொந்தக்காரர்கள் பொறுப்பில்லை என்றார்கள். ஏற்றிய சரக்குக்குக் கையெழுத்துப் போடுவதுதான் கேப்டனின் வேலை என்பது ஊரறிந்த விஷயம் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான தீர்ப்பா என்று கேட்டால் எங்களுக்குச் சந்தேகம்தான். கப்பலுக்குள் போய்ப் பொதிகளை எண்ணிப் பார்க்க எந்த வியாபாரியால் முடியும்? இன்று நிலைமை சப்ளை செய்பவருக்குக் கொஞ்சம் சாதகம். 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குகள் சட்டம், 2018 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. கப்பலுக்குக் கொடுத்த உணவுப் பொருள் பாக்கியும் அதில் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கப்பலையே நிறுத்தி வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் ஆர்டர் கொடுத்தவர் கேப்டனா, கப்பலை வாடகைக்கு எடுத்தவரின் ஏஜெண்டா என்று பார்த்து, கப்பலின் பெயரைப் பில்லில் எழுதி, கேப்டனின் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் வாங்கியிருக்க வேண்டும். கப்பல் புறப்பட்ட பிறகு யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது?

கேன்டீன் விஷயம் இதைவிடச் சிக்கல். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எத்தனை தொழிற்சாலை வாசல்கள்! வாசலில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே கேன்டீன் நடத்துபவர் ஒப்பந்தக்காரர். ஆர்டர் கொடுப்பவர் அவருடைய சூப்பர்வைசர். மூட்டை உள்ளே போகும்போது கம்பெனி செக்யூரிட்டி சீல் குத்துவார். ஒப்பந்தம் முடிந்து ஒப்பந்தக்காரர் கிளம்பியதும் கடைக்காரர் கம்பெனி வாசலில் நிற்பார். கேட் சீல் என்பது மூட்டை உள்ளே போனதற்கு அத்தாட்சி. கம்பெனி கடன் வாங்கியதற்கு அத்தாட்சி ஆகாது. கம்பெனியின் பர்ச்சேஸ் இலாகா ஒரு முறையாவது ஆர்டர் கொடுத்ததா, கம்பெனிக் கணக்கிலிருந்து ஒரு பில்லாவது தீர்ந்ததா என்பதைப் பொறுத்தே கம்பெனியைக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஒரு பில்லும் அப்படித் தீரவில்லை என்றால், நாம் கடன் கொடுத்தது ஒப்பந்தக்காரருக்குத்தான். அவருடைய வீட்டு முகவரி தெரியுமா என்று முதல் மூட்டைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய தொகை, அடமானம், எழுத்து ஒப்பந்தம் என்று வரும்போது இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட அதே 1856இல் லண்டனில் டர்க்வாண்ட் வழக்குத் தீர்ப்பாயிற்று. கம்பெனிக்குள்ளே தீர்மானம் போட்டார்களா, கூட்டம் நடத்தினார்களா என்றெல்லாம் வெளியாள் துருவிப் பார்க்க வேண்டியதில்லை. முறைப்படி நடந்திருக்கும் என்று நம்பலாம் என்பது அதன் சாரம். ஆனால் வெளியே எல்லோரும் பார்க்கும்படி பதிவு செய்த உள்விதிகளைப் பார்க்காமல் இருந்தால் மன்னிப்பில்லை. 1934இல் வெளியான கோட்லா வெங்கடசாமி வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றமே இதைச் சொன்னது. ஒரு கம்பெனியின் உள்விதிப்படி பத்திரத்தில் நிர்வாக இயக்குநர், செயலாளர், பணி இயக்குநர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். அடமானப் பத்திரத்தில் இருவர் கையெழுத்துத்தான் இருந்தது. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவர்தான். ஆனாலும் பத்திரம் செல்லவில்லை. விதியைப் படித்திருந்தால் மூன்றாவது கையெழுத்தைக் கேட்டிருப்பாரே என்றது நீதிமன்றம். பத்து மூட்டை சர்க்கரைக்கு யாரும் கம்பெனிப் பதிவாளர் ஆவணங்களைத் தேட வேண்டாம். கிடங்கை ஐந்து வருஷக் குத்தகைக்குக் கம்பெனிக்கு விடுபவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, நாமும் முதலாளிகள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 187ஆம் பிரிவின் உதாரணம் ஒரு கடையைப் பற்றியது. கல்கத்தாவில் இருக்கும் ஒருவருக்கு ஸ்ரீராம்பூரில் கடை. எப்போதாவது வந்து பார்ப்பார். கடையை நடத்துபவர் வேறொருவர். அவர் முதலாளி பெயரில் ஒரு வியாபாரியிடம் வழக்கமாகச் சரக்கு எடுத்து, முதலாளிக்குத் தெரிந்தே, அவர் பணத்திலிருந்து கட்டிவருகிறார். அந்த வழக்கமே அதிகாரம் என்கிறது சட்டம். எண்ணூரில் கடை, வீடு வேறிடம், பாரிமுனை மொத்தக் கடைக்குப் போய்ச் சரக்கெடுப்பது கடைப் பையன் என்று இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? பையனை நிறுத்திய மறுநாள் அவன் மொத்தக் கடைக்குப் போய் நம் கணக்கில் பத்து டின் எண்ணெய் ஏற்றிக்கொண்டு போனால், மொத்த வியாபாரி நம்மைத்தான் கேட்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. கம்பெனிக்காரர் நமக்குச் சொல்லவில்லை என்று குறைபடுகிற நாம், பையன் நின்றதை மொத்த வியாபாரிக்கு அன்றைக்கே சொன்னோமா?

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். இந்தப் பகுதிக்குச் சரக்கு அனுப்பும் எல்லா ஏஜென்ஸிகளுக்கும் சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் போக வேண்டும். வசூலுக்கு வருபவரின் பெயரையும் படத்தையும் ஏஜென்ஸி எழுத்தில் தர வேண்டும். அவர் விலகினால் மூன்று நாளுக்குள் ஒவ்வொரு கடைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் தேதி வரை அச்சிட்ட ரசீதுக்கு அவரிடம் கொடுத்த பணம் ஏஜென்ஸியிடம் கொடுத்ததாகவே கொள்ளப்படும். பதிலுக்கு, ரசீதில்லாத ரொக்கத்துக்கும் ஆளின் சொந்த நம்பருக்கு அனுப்பிய பணத்துக்கும் நாம் வாதாட மாட்டோம் என்றும் அதே கடிதத்தில் எழுதலாம். தனிக் கடையாக நின்று கேட்டால் சரக்கை நிறுத்துவார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரே கடிதம் என்றால் நிறுத்திவிட்டு எங்கே விற்பார்கள்?

கடந்த இரண்டு ஆண்டுகளில் இப்படி இரண்டாம் முறை பணம் கட்டியவர்கள் தங்கள் பில்கள், பின்புறக் கையெழுத்துகள், ஏஜென்ஸியின் கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அவற்றை அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம்.